சும்மா கிடக்கும் கணினியும் மடியும் புரதமும்

2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரே செய்தி எனக்கு நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. "உங்கள் கணினியில் இந்த மென்பொருளை நிறுவுங்கள். நீங்கள் தூங்கும்போது அது கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடிக்கும்." பத்து நாள் கழித்து அதே குழுக்களில் எதிர்ப்பாட்டு கேட்டது: "யாரும் நிறுவ வேண்டாம். உங்கள் வீட்டு மின்சாரத்தில் எவனோ பிட்காயின் எடுக்கிறான்."

இரண்டும் தவறு. முதலாவது நல்லெண்ணத்தில் பிறந்த மிகை. இரண்டாவது பயத்தில் பிறந்த வதந்தி. இரண்டுக்கும் நடுவில் உண்மையாகவே ஒரு வேலை நடக்கிறது. வீட்டுக் கணினியை அதன் உரிமையாளர் தானே விரும்பி, கூலி வாங்காமல், ஓர் ஆராய்ச்சிக்காகக் கணக்குப் போட விடுவதைத் தன்னார்வக் கணிமை என்கிறார்கள். இதில் பல திட்டங்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன்: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே 2000 அக்டோபரில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம். இப்போது அதை அவருடைய முன்னாள் மாணவர் கிரெக் போமன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து நடத்துகிறார். மேலே சொன்ன செய்தியும் இதைப் பற்றியதுதான். செய்தியைப் படித்து நானும் நிறுவினேன். நிறுவிய பிறகுதான் அது என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றியது. முறை தலைகீழ்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பீடிக் கடையில் தொடங்குவோம்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கடைக்குப் போய் இலையையும் தூளையும் நிறுத்து வாங்கி வருவார்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். கட்டுக் கட்டாகத் திருப்பிக் கொண்டுபோனால், கடையில் ஒருவர் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துவிடுவார். மீதி கணக்குப் புத்தகத்தில் ஏறும். அடுத்த நாளைக்கு இலை கிடைக்கும்.

மருத்துவ ஆராய்ச்சிக்குப் பீடியை உவமை காட்டுவது அழகில்லைதான். ஆனால் வேலை நடக்கும் முறைக்கு இதைவிட நெருக்கமான ஒன்று எனக்குத் தட்டுப்படவில்லை.

கடையின் இடத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் சர்வர். வேலையைப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வருவதைச் சேர்த்து வைக்கும் மையக் கணினி அது. இலையும் தூளும் அடங்கிய பொட்டலத்தின் இடத்தில் வேலைத்துண்டு. ஒரு பெரிய கணக்கிலிருந்து வெட்டியெடுத்த, ஒரு வீட்டுக் கணினி சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முடித்துவிடக்கூடிய சிறு பகுதிக்கு அந்தப் பெயர். உங்கள் கணினியில் நிறுவிய மென்பொருள் இணையம் வழியாக ஒரு துண்டை வாங்கிவரும், கணக்கை முடிக்கும், விடையைத் திருப்பி அனுப்பும், அடுத்ததைக் கேட்கும். கழிப்பவரும் உண்டு. வந்த விடை நம்பத்தகுந்ததா என்று சர்வர் சோதிக்கிறது. போயிங்க் என்ற மென்பொருளில் ஓடும் வேறு சில திட்டங்களில், ஒரே துண்டை முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீடிக் கடைக்காரர் உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, பீரோவைத் திறப்பதில்லை. இலை வெளியிலிருந்து வருகிறது, பீடியாக வெளியே போகிறது. அதுபோல இங்கே போய்வருபவை அவர்கள் அனுப்பிய எண்களும் அவற்றுக்கான விடைகளும். உங்கள் புகைப்படங்களுக்கோ ஆதார் நகலுக்கோ இந்தக் கணக்கில் இடமில்லை. பலர் 'என் மருத்துவத் தகவல்களை எடுக்கிறார்கள்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சி என்றாலே நம் உடம்பைப் பற்றியது என்ற பழக்கத்தில் வந்த குழப்பம் அது.

இதுவரை சொன்னது: சர்வர் வேலையைத் துண்டு போட்டுக் கொடுக்கிறது, வீட்டுக் கணினி கணக்கு மட்டும் போட்டுத் திருப்பித் தருகிறது. என்ன கணக்கு என்பதுதான் அடுத்தது.

தையல் இல்லாத துணி

சேலையில் தையல் கிடையாது. நீளமான ஒரு நேர்த்துணி. அதைக் கொசுவி, செருகி, மடித்த பிறகுதான் அது உடை. மடிப்பு மாறினால் மடிசார், மாறினால் பின்கொசுவம். துணி ஒன்றே, வேலை வேறு.

புரதமும் அப்படிப்பட்டதுதான். பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற சத்து என்றுதான் இந்தச் சொல்லை நாம் அறிவோம். உடம்புக்குள் அது ஒரு சத்து மட்டுமன்று, ஒரு வேலையாள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதும், சோற்றைச் செரிக்க வைப்பதும், கிருமியை அடையாளம் காண்பதும் வெவ்வேறு புரதங்கள். ஒவ்வொன்றும் அமினோ அமிலம் எனப்படும் சிறு மூலக்கூறுகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலி. கண்ணிகளில் 20 வகைகள். செல்லுக்குள் கோத்து முடிந்ததும் இந்தச் சங்கிலி தானாகவே சுருண்டு, மடிந்து, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவம் வந்தால்தான் வேலை நடக்கும். திட்டத்தின் பெயரில் இருக்கும் 'ஃபோல்டிங்' இந்த மடிதலைத்தான் குறிக்கிறது.

சங்கிலி நினைத்த கோணத்தில் எல்லாம் வளைந்துவிடாது. அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும். எந்தெந்தக் கோணங்களுக்கு இடமுண்டு என்று 1963இல் படமாகப் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும். இன்றும் எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்மானித்தாலும், அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கிண்டிப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஒரு கண்ணி பிசகினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அதில் ஆறாவது இடத்தில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாளணு நோய் இதுதான். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் மூளையில் சில புரதங்கள் தவறாக மடிந்து திரள்கின்றன. ஆகவே புரதம் எப்படி மடிகிறது, மடிந்த பின் எப்படி அசைகிறது என்று தெரிந்துகொள்வதில் மருத்துவத்துக்கு அக்கறை இருக்கிறது.

அசைவு என்றேன். அதுதான் முக்கியம். பாடப்புத்தகத்தில் புரதத்தின் படம் அசையாமல் நிற்கும். அது தேர்முட்டியில் நிற்கும் தேரைப் படம் எடுத்தது மாதிரி. தேர் மூலை திரும்பும்போது எப்படிச் சாய்கிறது, முட்டுக்கட்டையை எங்கே போடலாம் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது. உண்மையான புரதம் ஓயாமல் நடுங்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருக்கிறது. அப்படி நெளியும்போது எப்போதாவது ஒரு முறை, சாதாரணமாக மூடியிருக்கும் ஒரு குழிவு திறக்கும். அதை மறைகுழிவு என்று வைத்துக்கொள்வோம். மருந்து மூலக்கூறு போய் உட்காருவதற்கு அது நல்ல இடம். நிற்கும் படத்தில் அது அகப்படாது, ஓட்டத்தைப் பார்த்தவருக்கே அகப்படும்.

கணினி போடும் கணக்கு

இந்த ஓட்டத்தை நுண்ணோக்கியில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அவ்வளவு சிறியது, அவ்வளவு வேகமானது. எனவே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். இயற்பியல் விதிகளைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்குச் சிமுலேஷன் என்று பெயர்.

செய்முறை கேட்பதற்கு எளிமையாக இருக்கும். புரதத்தின் ஒவ்வோர் அணுவும், அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொள். ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கிடு. அந்த விசைக்கு ஏற்ப எல்லாவற்றையும் ஓர் இம்மி நகர்த்து. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கு.

இந்த 'இம்மி' எவ்வளவு என்பதில்தான் தொல்லை. ஓர் எட்டு, அதாவது இப்படி ஒரு தடவை நகர்த்துவது, புரதத்தின் நேரத்தில் சுமார் 2 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு ஃபெம்டோ விநாடி. எட்டு அதைவிடப் பெரிதாக இருந்தால் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கணக்கே குலைந்துவிடும். ஆனால் புரதங்களில் நமக்கு வேண்டிய நிகழ்ச்சிகள் பலவும் நடந்து முடிய விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டவே 50,000 கோடி எட்டுகள் வைக்க வேண்டும். ஒவ்வோர் எட்டிலும் பல்லாயிரம் அணுக்கள், சில நேரம் லட்சக்கணக்கில்.

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படங்களை வரையும் பாகம்) உள்ள கணினி ஒரு நாளைக்கு 100 நானோ விநாடி ஓட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஒரு நானோ விநாடிக்குப் பத்து லட்சம் ஃபெம்டோ விநாடி.) அப்படியானால் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்ட 27 ஆண்டுகள் ஆகும். ஆராய்ச்சி மாணவர் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்.

ஆனால் இதை எப்படிப் பங்கிடுவது?

கவனமாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நானும் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டேன். ஓர் எட்டின் விடை தெரிந்தால்தானே அடுத்த எட்டு வைக்க முடியும்? அப்படியானால் நூறாவது எட்டை என் கணினியும் நூற்றொன்றாவதை உங்கள் கணினியும் ஒரே நேரத்தில் எப்படி வைக்கும்? கல்யாண வீட்டில் ஐம்பது பேர் சேர்ந்து காய் நறுக்கலாம். ஒரு பானைச் சோற்றை ஐம்பது பேர் சேர்ந்து சீக்கிரம் வேகவைக்க முடியாது.

சரியான ஆட்சேபணை. 'ஒரு பெரிய வேலையைப் பலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் விளக்கங்கள் எல்லாம் வழுக்கி விழும் இடம் இதுதான். விடையைச் சொல்ல மதுரைக்குப் போக வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். உள்ளே ஆடி வீதி, அடுத்துச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஊருக்குப் புதியவர் ஒருவரைக் கண்ணைக் கட்டி வெளி வீதியில் விட்டுவிடுகிறோம். அவர் கால் போன போக்கில் திரிகிறார். என்றைக்காவது ஒரு நாள் ஆடி வீதிக்குப் போய்ச் சேருவார். எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் என்று நமக்குத் தெரிய வேண்டும். அவர் பின்னாலேயே ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். 27 ஆண்டுக் கணக்கு அதுதான்.

வேறு வழி இருக்கிறது. ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, ஊரின் வெவ்வேறு முக்குகளில் நிறுத்தி, 'கால் மணி நேரம் திரியுங்கள், எங்கே போய் நின்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்' என்கிறோம். மேல மாசி வீதியில் விட்ட நூறு பேரில் 80 பேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள், 15 பேர் வெளி வீதிக்குப் போனார்கள், 5 பேர் ஆவணி மூல வீதிக்குள் நுழைந்தார்கள். இப்படி ஒவ்வொரு முக்குக்கும் ஓர் அட்டவணை. எல்லா அட்டவணைகளையும் கோத்தால், ஒருவர்கூட முழுத் தொலைவும் நடக்காமலேயே, வெளி வீதியிலிருந்து ஆடி வீதிக்குப் போகும் வழிகளும் ஆகும் நேரமும் கணக்கில் வந்துவிடும். எந்த முக்கைப் பற்றித் தகவல் குறைவோ, அடுத்த தவணையில் அங்கே இன்னும் ஐம்பது பேரை அனுப்பலாம்.

புரதத்துக்கு, முக்கு என்பது அது எடுக்கும் ஒரு வடிவம். கால் மணி நேர நடை என்பது உங்கள் கணினிக்கு வரும் வேலைத்துண்டு. அட்டவணைகளைக் கோத்துச் செய்யும் அந்த வரைபடத்துக்கு மார்க்கோவ் நிலை மாதிரி என்று பெயர். ரஷ்யக் கணிதவியலாளர் ஒருவரின் பெயர் அது. அடுத்து எங்கே என்பது இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை மட்டுமே சார்ந்தது, எப்படி இங்கே வந்தோம் என்பதைச் சார்ந்ததன்று என்பதுதான் அதன் அடிப்படை.

மென்பொருளின் சாளரத்தைத் திறந்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது எந்த ஆராய்ச்சி. இரண்டாவது எந்த வடிவத்திலிருந்து தொடக்கம். மூன்றாவது, அதே வடிவத்திலிருந்து சற்றே வேறு வேகங்களோடு கிளம்பிய எத்தனையாவது நகல். நான்காவது தலைமுறை எண். 112 என்று இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் 111ஐ முடித்து அனுப்பியிருக்கிறார், அவர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் தொடர்கிறீர்கள் என்று பொருள். அவர் ஓஸ்லோவில் இருக்கலாம், ஒசாகாவில் இருக்கலாம். ஒவ்வொரு தனி நடையும் இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் நீள்கிறது. அதனால்தான் ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. நீங்கள் அனுப்பும்வரை 113 பிறக்காது.

சுருக்கமாக: ஒரு நடையைப் பலர் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பலர் பல குட்டி நடைகள் நடக்கிறார்கள், அவற்றைக் கோத்துப் படம் வரைகிறார்கள். இப்படி வெட்டிக் கோக்க முடியாத கணக்குகளுக்கு வீட்டுக் கணினிகள் பயன்படா. அவற்றுக்குச் சூப்பர் கணினிதான்.

வேலை தீர்ந்துபோன வாரம்

இந்த யோசனை கொரோனாவுக்கு முன்பே பழையது. வேற்றுக்கிரகச் சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம் 1999இல் தொடங்கி லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. 2007இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிகளும் ஃபோல்டிங் அட் ஹோமில் சேர, அந்த ஆண்டே அது கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. பிறகு ஆர்வம் வடிந்தது. 2020 தொடக்கத்தில் சுமார் 30,000 பேர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச்சில் கொரோனாப் புரதங்களைச் சேர்த்ததாக அறிவித்ததும் லட்சக்கணக்கானோர் வந்து விழுந்தார்கள். மாத இறுதியில் மொத்த வேகம் ஒரு எக்சாஃப்ளாப்பைத் தாண்டியது. விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள் என்பது அதன் பொருள். அன்று உலகில் எந்தத் தனிச் சூப்பர் கணினியும் அதைத் தொட்டிருக்கவில்லை. ஏப்ரலில் 2.4 எக்சாஃப்ளாப் என்று அறிவித்தார்கள்.

ஆனால் அந்த நாட்களில் மென்பொருளை நிறுவிய பலருக்கும் நினைவில் நிற்பது அந்த எண் அன்று. நான் நிறுவிய அன்று இரவு முழுக்கச் சாளரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது: வேலைத்துண்டு கிடைக்கவில்லை, சற்று நேரம் கழித்து மீண்டும் முயல்கிறேன். காலையில் எழுந்து பார்த்தேன், அதே வரி. கடையில் இலை தீர்ந்துவிட்டது. சுற்றுவதற்குக் கைகள் காத்திருக்கின்றன. சர்வர்களால் அவ்வளவு துண்டுகளை வெட்டித் தர முடியவில்லை. துண்டுகளைத் தயாரிக்க மனித மூளையும் வேண்டும், எந்தப் புரதம், எந்தக் கேள்வி என்று யாரோ உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முதல் துண்டு மூன்றாம் நாள் வந்தது.

பிறகு 2021இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் கணக்குச் சொன்னார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் சேர்ந்து, அந்த வைரஸின் புரதங்களை மொத்தம் 0.1 விநாடி அளவுக்கு ஓட்டிப் பார்த்திருந்தன. தமிழ் இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது. பத்து லட்சம் கருவிகளின் உழைப்பு அந்த ஒரு மாத்திரையைத் தேறுமா என்பதே சந்தேகம். சிரிக்க வேண்டாம். அதற்குள், நம் செல்லில் ஒட்டிக்கொள்ள வைரஸுக்கு உதவும் முள் புரதம் வாய் திறப்பதையும், வெவ்வேறு புரதங்களில் 50க்கும் மேற்பட்ட மறைகுழிவுகளையும் பார்த்துவிட்டார்கள்.

மருந்து எங்கே?

'கண்டுபிடிக்கும்' என்ற அந்த வாட்ஸ்அப் சொல்லுக்கு வருவோம். எந்த வீட்டுக் கணினியும் மருந்து கண்டுபிடிப்பதில்லை. குழிவு எங்கே இருக்கிறது, எந்தச் சேர்மம் அதில் இறுக்கமாக உட்காரும் என்பதற்கு அது குறிப்புகள் தருகிறது. குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் சேர்மத்தைச் செய்து, சோதனைக் குழாயில், விலங்குகளில், பிறகு மனிதர்களில் என்று படிப்படியாகப் போக வேண்டும். பெரும்பாலானவை வழியில் விழுந்துவிடும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள். வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற இன்னொரு திட்டத்தை 2004இல் ஐபிஎம் தொடங்கியது. இப்போது அது கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதில் ஜப்பானிய ஆய்வாளர்கள், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக ஏராளமான சேர்மங்களைக் கணினியில் சலித்து, 2014இல் நம்பிக்கை தரும் 7 சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். மருந்துக் கடைக்கு வருவதற்கு முந்தைய நீண்ட பாதையின் தொடக்கம் அது. இரண்டாவது, கோவிட் மூன்ஷாட். காப்புரிமை கோராமல், யார் வேண்டுமானாலும் மூலக்கூறு வடிவமைத்து அனுப்பலாம் என்று பல நாட்டு வேதியியலாளர்கள் சேர்ந்து நடத்திய முயற்சி. வந்து குவிந்த யோசனைகளில் எதைச் செய்து பார்ப்பது பயனுள்ளது என்று தரம் பிரிக்க ஃபோல்டிங் அட் ஹோம் உதவியது.

25 ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் ஃபோல்டிங் அட் ஹோமிலிருந்து வந்திருக்கின்றன. கட்டுரை என்பது மாத்திரை அன்று. ஆனால் எந்த மாத்திரையின் பின்னாலும் இப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைய இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இதெல்லாம் தேவையா? 2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல், கண்ணிகளின் வரிசையை மட்டும் பார்த்துப் புரதத்தின் இறுதி வடிவத்தை வியக்கத்தக்க துல்லியத்தோடு சொன்னது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி டேவிட் பேக்கருக்கு. ரொசெட்டா அட் ஹோம் என்ற தன்னார்வக் கணிமைத் திட்டம் அவருடைய ஆய்வகத்தில் பிறந்ததுதான். ஆல்ஃபாஃபோல்டு பெரிய பாய்ச்சல், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தருவது தேர்முட்டியில் நிற்கும் தேரின் படம். மூலை திரும்புவதைக் காட்டும் வேலை இன்னும் பெருமளவுக்குச் சிமுலேஷனிடம்தான் இருக்கிறது. தொடக்கப் படம் எளிதாகக் கிடைப்பதால் அந்த வேலைக்கு வசதியே கூடியிருக்கிறது.

'சும்மா' என்ற சொல்

எனக்கு அதிகம் உறுத்துவது இந்தச் சொல்தான். 'கணினி சும்மா கிடக்கிறது, அந்தச் சும்மா நேரத்தைத் தானே கொடுக்கிறோம்' என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். தவறு.

சும்மா கிடக்கும் கணினி குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும். முழுமூச்சாகக் கணக்குப் போடும்போது பல மடங்கு குடிக்கும். ஒரு பிளக் மீட்டரை வாங்கி மாட்டி, என் பழைய மேசைக் கணினியில் பார்த்தேன். ஒன்றும் செய்யாதபோது 60 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து வேலைத்துண்டை ஓட்டும்போது 210. கூடுதல் 150 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 1.2 யூனிட், மாதத்துக்கு 36, மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 72. தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படி ஏறும். ஆகவே அந்த 72 யூனிட் உங்கள் பில்லின் விலை கூடிய நுனியில்தான் போய் உட்காரும்.

மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். நார்வேக்காரருக்கு அது அறையைச் சூடாக்கும் ஆதாயம். மே மாதத்து மதுரையில் அது தண்டனை. கணினியின் மின்விசிறி இரைச்சலைக் கேட்டு அம்மா எழுந்து வந்து, "யாரும் தொடவே இல்லை, இது ஏன் இப்படி இரைகிறது?" என்றார். விளக்கினேன். "நல்ல காரியம்தான். அதற்கு நடுராத்திரிதான் கிடைத்ததா?" என்று போய்ப் படுத்துவிட்டார்.

ஆக, கொடுப்பது கணக்குத் திறன், அதற்கு ஆகும் செலவு மின்சாரம். தெரிந்து கொடுத்தால் அது கொடை. மடிக்கணினியில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய உடம்புக்குள் வெப்பம் தேங்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் போயிங்க் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரம் போனால் வேலை வீணாகுமா என்றால், பெரும்பாலும் ஆகாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மென்பொருள் போட்ட கணக்கைச் சேமித்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் அங்கிருந்து தொடரும்.

பயம், பிட்காயின், அலுவலகக் கணினி

பிட்காயின் வதந்தி எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. இரண்டிலும் கருவி முழுவீச்சில் ஓடும், விசிறி இரையும், பில் ஏறும். போதாக்குறைக்கு இங்கே முடித்த துண்டுக்கு ஏற்பப் புள்ளிகள் வேறு கொடுப்பார்கள், அணிகள் சேர்ந்து போட்டி போடும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத் தங்கள் டிஜிட்டல் நாணயங்களைக் கொடுக்கும் வெளியார் ஏற்பாடுகளும் உண்டு. ஃபோல்டிங் அட் ஹோமின் புள்ளிக்குக் காசு மதிப்புக் கிடையாது. உள்ளூர்க் கபடிக் கோப்பை மாதிரி, பெருமைக்கு மட்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: போலி மென்பொருள். பெயரை ஒட்டி வைத்துக்கொண்டு வேறெதையோ நிறுவிவிடும் கோப்புகள். எனவே யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து நிறுவாதீர்கள். திட்டத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களே போய் எடுங்கள்.

அலுவலகக் கணினியில், கல்லூரி ஆய்வகத்தில், அனுமதி இல்லாமல் நிறுவாதீர்கள். நல்ல காரியம் என்பது அங்கே விடையாகாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணினி நிர்வாகி 1999 வாக்கில் கல்லூரிக் கணினிகளில் இதுபோன்ற ஒரு தன்னார்வக் கணிமைத் திட்டத்தை ஓட்டிவிட்டார். வழக்கு குற்றவியல் நீதிமன்றம் வரை போய், 2002இல் அபராதத்தோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் முடிந்தது. மின்சாரமும் கணினியும் உங்களுடையதாக இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், துண்டு பாதியில் இருக்கும்போது மென்பொருளை நீக்கிவிடாதீர்கள். கெடு தீரும்வரை சர்வர் உங்களுக்காகக் காத்திருக்கும். பிறகு அதே துண்டை இன்னொருவருக்குக் கொடுக்கும். அவர் அதை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், 113 அதுவரை பிறக்காது. கையில் இருப்பதை முடித்துவிட்டு நில் என்று சொல்லும் பொத்தான் சாளரத்திலேயே இருக்கிறது. நான் மார்கழியிலும் தையிலும் மட்டும் ஓட்டுகிறேன். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு நாள் இரவு அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுப்பேன். விடியற்காலையில் எப்போதோ நூறு சதவீதம் ஆகி, விடை கிளம்பிப் போய், விசிறி அடங்கியிருக்கும்.